டேனர்ஸ் தெருவுக்கு பஸ் வராது

இல்லாத ஒரு மனிதருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாத ஆள் இந்த இங்கிலாந்தில் ஒருவன்தான் உண்டு, அது நான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நாட்டில் உள்ள அத்தனை பேரையும் நேரில் போய் விசாரிக்க முடியாததால் சின்னப் பிழை ஏதாவது இருக்கலாம். ஓல்டம் நகரைப் பொறுத்தவரை பிழைக்கு இடமே இல்லை.

எங்கள் ஊரில் திங்கள், புதன், வெள்ளி மாலை ஏழரை மணிக்குத் தெருவில் நாய்கூட நடமாடாது. எல்லோரும் 'டேனர்ஸ் தெரு' பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாற்பது வருடமாக ஓடும் தொடர். ஒரே தெரு, இருபது வீடு, 'கருப்பு வாத்து' என்று ஒரு பப், சுடச்சுட மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும் விற்கும் க்ளிஃப் ஹார்க்கரின் கடை, ஒரு பஸ் நிறுத்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே யாராவது சாவார்கள். இங்கே எங்கள் ஊர் துக்கம் காக்கும்.

பக்கத்து வீட்டு பாரி கேப்ஸ்டிக் பஸ் ஓட்டுநர். நூற்றிருபது கிலோ. ரக்பி ஆட்டத்தில் மூக்கு உடைந்தபோதுகூட 'ஐயோ' என்று சொல்லாதவர். 'கருப்பு வாத்து' பப்பின் பழைய முதலாளியம்மா மாரடைப்பில் இறந்த வாரம், மூன்று நாள் கறுப்பு டை கட்டிக்கொண்டு பஸ் ஓட்டினார். அதோடு விட்டாரா? அனுதாப அட்டை ஒன்று வாங்கி, அந்த முதலாளியம்மாவின் மகளுக்கு டேனர்ஸ் தெரு முகவரிக்கே அனுப்பினார். அனுப்புவதற்கு முன் என்னிடமும் நீட்டினார், கையெழுத்துப் போடச் சொல்லி.

"பாரி, அந்தத் தெருவே கிடையாது," என்றேன்.

"தெரியும்டா. அதுக்காக? அம்மாவப் பறிகொடுத்த பொண்ணு. ஒரு வார்த்தை விசாரிக்க வேணாமா?"

நான் கையெழுத்துப் போடவில்லை. சமூகவியல் படிக்கும் ஒருவனுக்கென்று ஒரு தராதரம் இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு குடும்பச் சங்கடம் உண்டு. ஊரெல்லாம் உட்கார்ந்து பார்க்கும் அந்தத் தெருவில் என் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். லொரெய்ன் ஆஷ்வொர்த், துணை நடிகை, பத்தொன்பது வருடமாக. வெளிர் பழுப்பு நிறக் கோட்டு, காலி டப்பாக்கள் நிரப்பிய ஒரு பை, பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் பெண். பஸ் வராது. செட்டுக்குள் பஸ்ஸைத் திருப்ப இடமில்லை என்பதால் நாற்பது வருடத்தில் ஒரு பஸ்கூட அங்கே வந்ததில்லை. இது பாரிக்குத் தொழில்ரீதியான வருத்தம்.

துணை நடிகர்கள் பேசக் கூடாது. முன்னால் நிற்பவர்களின் குரல் மட்டுமே மைக்கில் விழ வேண்டும். பின்னால் இருப்பவர்கள் பேசுவதுபோல் வாயை அசைக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. அம்மா இதில் ஊறிப்போனவள். வீட்டிலும் பதற்றம் வந்தால் உதடு அசையும், குரல் வராது. ஒருநாள் அடுப்பில் எண்ணெய் தீப்பிடித்தபோது, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அரை நிமிடம் சத்தமில்லாமல் எச்சரித்தாள். ஜன்னல் திரை இன்றும் கருகியபடியே தொங்குகிறது. நிஜ பஸ் நிறுத்தத்தில் கை காட்ட மறந்து இரண்டு பஸ்ஸை விட்டுவிடுவாள். அப்பா எனக்கு நாலு வயதிருக்கும்போது ப்ரெஸ்டன் வரை போய்வருகிறேன் என்று கிளம்பினார். இன்னும் வந்துகொண்டிருக்கிறார். ஆக, வீட்டில் காத்திருப்பது யாருக்கும் புதிதில்லை.

அந்த அக்டோபரில் தொடருக்கு நாற்பது வயது. வெள்ளிக்கிழமை சிறப்பு எபிசோட், நேரலை. யாரோ முக்கியமான ஒருவர் சாகப்போகிறார் என்று மட்டும் அறிவித்திருந்தார்கள். யார், எப்படி என்பதை வெளியே விடமாட்டோம் என்று அம்மா உட்பட எல்லோரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அம்மா என்னிடம் மூச்சுவிடவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அக்கறை இருப்பதாக ஆகிவிடும். ஆறு வாரமாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருந்தாள். வெந்நீர் வரவில்லை, பாய்லர் கோளாறு என்று நினைத்து வீட்டுக்காரருக்கு இரண்டு கடிதம் எழுதினேன்.

'நனைந்த குடை' எங்கள் கல்லூரிக் கேலிப் பத்திரிகை. முந்நூறு பிரதி அச்சாகும். அதில் பாதி, ஆடுகிற மேசைகளின் காலுக்கடியில் போய்ச் சேரும். அந்த மாத இதழில் நான் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியம் இது: 'டேனர்ஸ் தெருவை நான் ஒரு எபிசோட்கூட முழுதாகப் பார்த்ததில்லை.' பிறகு அட்டை அனுப்புகிறவர்களை ஒரு பிடி பிடித்தேன். இல்லாத தெருவில், இல்லாத வீட்டில் இருக்கும் இல்லாத விதவைக்கு உண்மையான தபால்தலை ஒட்டும் மக்கள் என்று. கடைசியில், உலகத்திலேயே அபத்தமான ஒரு சாவை நானே கற்பனை செய்து, வெள்ளிக்கிழமை இதுதான் நடக்கும் என்று அறிவித்தேன்.

தீ கிடையாது, விபத்து கிடையாது. சிப்ஸ் கடை க்ளிஃப் ஹார்க்கர் கடையைப் பூட்டிவிட்டு, தன் கடைச் சிப்ஸ் ஒரு பொட்டலத்தோடு பஸ் நிறுத்த பெஞ்சில் உட்காருவார். அப்படியே செத்துப்போவார். யாருக்கும் தெரியாது. மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் மனத்தைக் கொட்டுவார்கள். நன்றாகக் காது கொடுத்துக் கேட்டீர்கள் என்று நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்றாவது ஆள் அவர் மனைவி டில்லி. சிப்ஸை ஆறவிட்டதற்குத் திட்டிவிட்டு அவளும் போய்விடுவாள். 'பின்னால் வழக்கம்போல ஒரு பெண் பஸ்ஸுக்கு நிற்பாள். அவள் எதையும் கவனிக்கமாட்டாள்' என்று முடித்திருந்தேன். எழுதி முடித்து நானே சிரித்தேன். வேறு யார் சிரித்தார்கள் என்று தெரியாது.

புதன்கிழமை காலை அம்மாவின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அந்தப் பக்கம் "ஹலோ, லொரெய்ன், இருக்கீங்களா?" என்று கேட்பது எனக்கே கேட்டது. கடைசியில் "வரேன்" என்று ஒரு சொல் வந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"நீ எழுதினது அத்தனையும் சரியாம்."

என் அபத்தம், பொட்டலம் உட்பட, பெஞ்சு உட்பட, மூன்று பேர் உட்பட, வெள்ளிக்கிழமை எபிசோடின் கதை. யாரோ கட்டுரையைப் படம்பிடித்து யாருக்கோ அனுப்ப, அது ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கட்டுரைக்குக் கீழே என் குடும்பப் பெயர் ஆஷ்வொர்த் என்று அச்சில் இருந்தது. தொடரையே பார்க்காத ஒரு பையனுக்கு இது எப்படித் தெரியும்? பார்க்காதவன் என்று அவனே முதல் வரியில் சாட்சி சொல்லியிருக்கிறான். அப்படியானால் வீட்டில் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். என் அம்மாவைக் குற்றவாளியாக்க வேறு எந்த வாக்கியமும் தேவைப்படவில்லை.

ஸ்டூடியோ ஒரு பழைய பஞ்சாலை. அங்கே போகிற வழியெல்லாம் அம்மாவின் விரல்கள் ஓயவில்லை. கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள். நான் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை ஆரம்பித்து, இரண்டு முறையும் அது நகைச்சுவையாக வந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டேன்.

உள்ளே இரண்டு பேர். தயாரிப்பாளர் மார்கஸ் தெய்ன் நின்றுகொண்டிருந்தார். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள் உட்காருவதில்லை. கதைப் பிரிவுத் தலைவி பெவ் ஸ்டோட் மேசை மேல் என் கட்டுரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவப்பு மையால் அடிக்கோடுகள். என் ஆசிரியர்கள்கூட என்னை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

மார்கஸ் சுற்றி வளைக்கவில்லை. பத்திரத்தை மீறியவர்களை அன்றே அனுப்புவதுதான் வழக்கம் என்றார். பெஞ்சுக் காட்சியை மாற்றி எழுத வியாழக்கிழமை ஒரு நாள் இருக்கிறது, பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லாமலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளில் அம்மாவின் கை கோட்டுப் பொத்தானிலேயே நின்றுவிட்டது. வேலை போவதைவிட அதுதான் அவளை அதிகம் தாக்கியது போலிருந்தது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"நான் சொல்லலை," என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

"சொல்லலைன்னா இவருக்கு எப்படித் தெரியும்? இவர்தான் பார்க்கிறதே இல்லைன்னு எழுதியிருக்காரே," என்றார் மார்கஸ்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பார்க்கவில்லை. என் இருபது வருட வாழ்க்கையில் நான் கட்டியெழுப்பிய ஒரே கௌரவம் அந்த முதல் வாக்கியம்தான்.

"அது பொய்," என்றேன். "விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து எல்லா எபிசோடும் பார்த்திருக்கேன்."

மார்கஸ் சிரித்தார். மாட்டிக்கொண்ட எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்றார். பெவ் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப சொல்லுங்க. க்ளிஃப்தான் சாவான்னு எதை வச்சு எழுதினீங்க?" என்றாள்.

சொன்னேன். ஜனவரியில் க்ளிஃப் தன் கடைப் பலகைக்குப் புது வர்ணம் அடித்தார். அந்தத் தெருவில் வீட்டுக்கோ கடைக்கோ வர்ணம் அடித்த எவரும் ஒரு வருடம் தாண்டியதில்லை. இதுவரை ஆறு பேர், பெயர் சொன்னேன். இருபதாம் ஆண்டில் தீ வைத்தார்கள், முப்பதாம் ஆண்டில் தெருமுனைக்கு அப்பால் டிராம் கவிழ்ந்தது. மூன்றாவது முறை பெரிதாக எதைச் செய்தாலும் சிரிப்பார்கள், ஆகவே சின்னதாகச் செய்வார்கள். க்ளிஃபாக நடிப்பவருக்கு முழங்கால் சரியில்லை. போன வருடத்திலிருந்து கல்லாவில் சாய்ந்துதான் நிற்கிறார். முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட உட்காராத மனிதரை உட்கார வைத்தால் அதுதான் கடைசி. தெருவில் உட்காரும் இடம் ஒன்றே ஒன்று. தன் கடைச் சிப்ஸை அவர் இதுவரை தின்றதே இல்லை. அவருக்குத் தீராத சண்டை மூன்று பேரோடு.

மார்கஸ் சிரிப்பை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர் மாதிரி நின்றார்.

"அந்த பெஞ்ச இவ்வளவு கவனிச்சிருக்கீங்களே, ஏன்?" என்றாள் பெவ்.

இதற்குக் கேலியாக ஒரு பதில் தேடினேன். வரவில்லை.

"எங்கம்மா அங்கதான் நிப்பாங்க. அவங்க சாயங்காலம் வீட்ல இருக்க மாட்டாங்க. டிவியில இருப்பாங்க. சின்னதிலிருந்து அந்தப் பழுப்புக் கோட்டைத் தேடித்தான் பார்ப்பேன். கோட்டைத் தேடினா கதையும் கூடவே வந்துரும்."

அம்மா அப்போது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

பெவ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். அடுத்த ஆண்டின் கதை. துணை நடிகர் எவர் கண்ணிலும் படாதது. 'கருப்பு வாத்து'வின் புது முதலாளியம்மாவுக்கு பிப்ரவரியில் ஒரு கடிதம் வருகிறது, யாரிடமிருந்து என்று கேட்டாள். தங்கச்சியிடமிருந்து என்றேன். அவளுக்குத் தங்கச்சியே கிடையாதே என்றாள். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன் அவள் நாலு பேருக்கு ஐந்து தட்டு வைத்தாள், ஒன்றை மௌனமாக எடுத்து உள்ளே வைத்தாள், அதை நீங்கள் சும்மா எழுதியிருக்கமாட்டீர்கள் என்றேன். பெவ் ஃபைலை மூடினாள். அந்தத் தட்டை நாட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை என்று இரண்டு வருடமாகத் தனக்கு வருத்தம் என்று மார்கஸிடம் சொன்னாள்.

மார்கஸ் விடவில்லை. அதையும் லொரெய்ன் கேன்டீனில் கேட்டிருக்கலாம், பையனுக்குச் சொல்லியிருக்கலாம் என்றார். அம்மா போக வேண்டும், இதில் பேச்சுக்கு இடமில்லை என்றார்.

பெவ் கதவைக் காட்டினாள். "லொரெய்ன், அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க கண்ணு."

அம்மா போய்க் கதவைச் சாத்தினாள். கதவின் கண்ணாடி வழியாக வெளிர் பழுப்புக் கோட்டின் முதுகு தெரிந்தது. காத்திருப்பதில் அவளுக்கு அனுபவம் இருந்தும், அப்படி அவள் நின்று நான் பார்த்ததில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள் பெவ். "உங்க கட்டுரையில க்ளிஃப் செத்ததை யாரும் கண்டுபிடிக்கலை. எங்க எபிசோட்ல ஒருத்தர் கண்டுபிடிக்கிறாங்க. யாரு?"

இதில் தவறினால் எல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரியும். இதுவரை சரியாகச் சொன்னதெல்லாம் அதிர்ஷ்டமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். டில்லி திரும்பி வருவாளா? வரமாட்டாள்; கோபத்தில் போனால் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள், முப்பது வருடப் பழக்கம். ஆனாலும் வேறு யார்?

"டில்லி."

"இல்ல."

"தபால்காரர் கென்னி. அவர் அந்த வழியா ஆறு மணிக்கு..."

"இல்ல."

பப்பின் முதலாளியம்மா, அவள் நாய், எதிர் வீட்டு இரட்டையர்கள், பாதிரியார். ஒவ்வொருவராக எடுத்து வைத்துப் பார்த்தேன்.

"பாதிரியார்."

"இல்ல."

"தெரியலை," என்றேன். அந்தச் சொல்லைக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து நான் பயன்படுத்தியதில்லை. "தெரு முழுக்கப் பார்த்துட்டேன். வேற யாருமே இல்ல."

அம்மாவின் வேலையை நானே இரண்டாவது முறையாகப் பறித்துவிட்டேன் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் அந்த முதுகு அசையவில்லை.

பெவ் மார்கஸ் பக்கம் திரும்பினாள். "லொரெய்னுக்கு இந்த எபிசோட்ல முதல்ல தெரிஞ்ச விஷயம் இதுதான். அவங்க ஒரு வார்த்தை வெளிய விட்டிருந்தா, இதைத்தான் விட்டிருப்பாங்க. இந்தப் பையனுக்கு அது மட்டும்தான் தெரியலை."

மார்கஸ் உட்கார்ந்தார். என் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு முறை படித்தார். கடைசியில், முந்நூறு பிரதிதானே, படித்தவர்களும் ஜோக் என்று நினைத்திருப்பார்கள், காட்சி அப்படியே இருக்கட்டும் என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு சின்னத் தடங்கல் வந்தாலும் லொரெய்ன் இந்தக் கட்டடத்துக்குள் திரும்ப வரமாட்டாள் என்று சேர்த்துக்கொண்டார். அதை அவர் கதவைத் திறந்து அம்மாவிடமும் சொன்னார்.

திரும்பி வரும்போது நிஜ பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. இருவருமே கை காட்டவில்லை.

"யாரும்மா கண்டுபிடிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன்டா," என்றாள். "வெள்ளிக்கிழமை பாரு."

வெள்ளிக்கிழமை ஏழே காலுக்கு நான் பாரி வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டு டிவி சின்னது என்று காரணம் சொன்னேன். பாரி கறுப்பு டையைக் கட்டாமல் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். யார் சாவார் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். நான் கட்டுரை எழுதிய விவரம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு நாற்காலி கிடைத்திருக்காது.

நேரலை என்பதால் ஆரம்பத்திலேயே எல்லோர் குரலும் சற்று உயர்ந்திருந்தது. ஒரு கதவு திறக்க மறுத்தது; நடிகர் ஜன்னல் வழியாகப் பேசினார். ஏழு நாற்பத்தெட்டுக்கு க்ளிஃப் ஹார்க்கர் கடையைப் பூட்டினார். பொட்டலத்தோடு தெருவைக் கடந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டான்," என்றார் பாரி, மெதுவாக. அவர் கை தானாக டையின் முடிச்சைத் தேடியது.

பின்னால், கொஞ்சம் மங்கலாக, வெளிர் பழுப்புக் கோட்டு.

க்ளிஃபின் மைத்துனன் வந்தான், பேசினான், போனான். தபால்காரர் கென்னி வந்தார், அழுதார், போனார். இது எனக்குத் தெரிந்த கதை, நான் சிரிப்பதற்காகச் செய்த கதை. ஆனால் அந்த மனிதர் தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்த விதத்தில் சிரிக்க எதுவும் இல்லை. டில்லி வந்தாள். சிப்ஸைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போனதற்குத் திட்டினாள், முப்பது வருடத் திட்டையும் சேர்த்துத் திட்டினாள், பதில் வராததில் கோபம் ஏறி, எழுந்து நடந்தாள். என் கட்டுரை அங்கே முடிந்தது. கேமரா முடியவில்லை.

அது பின்னால் நின்ற பெண்ணிடம் போனது. மங்கலாக இருந்தது தெளிந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக என் அம்மாவின் முகம் திரை முழுக்க நிறைந்தது.

பையைக் கீழே வைத்தாள். பெஞ்சுக்கு வந்தாள். க்ளிஃப் கையிலிருந்து பொட்டலத்தை எடுக்கப் போனவள், அந்தக் கையைத் தொட்டு நின்றாள். டில்லி போன திசையில் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது.

குரல் வரவில்லை.

"என்னடா இது, சத்தம் போச்சு," என்று பாரி ரிமோட்டைத் தொடையில் அடித்தார். பட்டனை அழுத்தினார். சத்தம் போகவில்லை, டில்லியின் செருப்புச் சத்தம் தூரத்தில் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா பேசிக்கொண்டிருந்தாள், பத்தொன்பது வருடமாக எப்படிப் பேசினாளோ அப்படியே, ஒலியில்லாமல், கச்சிதமாக. நாடு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் தெருமுனையை நெருங்கியது. டில்லி வளைவில் திரும்பிவிட்டால் காட்சி முடிந்துவிடும், அம்மாவின் வேலையும்தான்.

குளியலறைக் குழாய் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறு வாரம். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே தன் குரலை எடுக்கப் பழகியிருக்கிறாள். நானோ வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

"சத்தமா, அம்மா," என்றேன். டிவியிடம்தான் சொன்னேன். பாரி திரும்பி என்னைப் பார்த்தார்.

திரையில் அம்மா வாயை மூடினாள். ஒருமுறை விழுங்கினாள். மேல் பொத்தானைக் கழற்றினாள்.

"டில்லி கண்ணு, திரும்பி வாம்மா. இவரு கை சில்லுன்னு இருக்கு."

செருப்புச் சத்தம் நின்றது.

அவ்வளவுதான். இசை வந்தது, பெயர்கள் ஓடின. எங்கள் தெரு நெடுக எல்லா வீட்டிலும் டீக்காகக் கெட்டில்கள் போடப்பட்டிருக்கும். பாரி மட்டும் எழுந்திருக்கவில்லை. டையின் முடிச்சைக் கடைசி வரை இறுக்கிவிட்டு, மூக்கை அதன் நுனியாலேயே துடைத்துக்கொண்டார்.

"உங்கம்மா முதல்ல வாயசைச்சா பாரு, குரலே வராம," என்றார். "அங்கதான்டா எனக்குத் தாங்கலை. எப்படித்தான் நடிச்சாளோ."

எனக்கும் கண்ணில் ஏதோ இருந்தது. பாரி வீட்டில் பூனை வளர்க்கிறார்கள்; எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

அம்மா ஒன்பது மணிக்கு வந்தாள். மார்கஸ் என்ன சொன்னார் என்று கேட்டேன். திங்கட்கிழமை வழக்கம்போல வரச் சொன்னார் என்றாள். எங்கே என்றேன். பஸ் நிறுத்தத்துக்குத்தான், வேறெங்கே என்று சொல்லிவிட்டு, கோட்டோடு சோபாவில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் டீ கேட்டாள். பிறகு தெரு முழுக்க அவளைப் பார்க்க வந்தது.

மறுநாள் காலை தபால் நிலையத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அனுதாப அட்டைகள் இருந்த சுழல் தாங்கியை இரண்டு முறை சுற்றினேன். லில்லிப் பூ போட்டவை கொஞ்சம் மிகையாகத் தெரிந்தன. பூ இல்லாத ஒன்றை எடுத்தேன். கல்லாவில் இருந்த பெண் எங்கள் கல்லூரி என்பதால் அவள் மறுபக்கம் திரும்பும்வரை காத்திருந்து எழுதினேன். திருமதி டில்லி ஹார்க்கர், 9, டேனர்ஸ் தெரு. உள்ளே என்ன எழுதினேன் என்பது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம்.

முதல் வகுப்புத் தபால்தலைதான் ஒட்டினேன். புதன்கிழமை க்ளிஃபின் அடக்கம். இரண்டாம் வகுப்பில் போட்டால் நேரத்துக்குப் போய்ச் சேராது.